பாட்டி தனுஷ்கோடியில் இறங்கினாரா? முதுமையின் நினைவைச் சொல்லும் நாவலை மலையிலிருந்து வாசிப்பது

முதியவர் ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே சொல்லிக்கொண்டு போகும் நாவலில் முதல் பிசகு கண்ணில் பட்டதும் வாசகர்கள் பெரும்பாலும் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுகிறார்கள். 'இவர் எதையோ மறைக்கிறார்' என்று துப்புத் துலக்கக் கிளம்புபவர்கள் ஒரு பக்கம். 'வயதானவர், மறந்திருப்பார்' என்று பக்கத்தைப் புரட்டிவிடுபவர்கள் மறுபக்கம். இரண்டு வாசிப்பிலும் நாவலில் பாதி கைநழுவிப் போகிறது. முதுமையில் நினைவு கண்டபடி பிசகுவதில்லை. அது பிசகுவதற்கென்று தடங்கள் உண்டு. நூறாண்டுக்கும் மேலாக ஆய்வாளர்கள் அவற்றைப் பதிவு செய்துவருகிறார்கள். விஷயம் தெரிந்த நாவலாசிரியர் அந்தத் தடங்களிலேயே தன் கதைசொல்லியை நடக்கவிடுகிறார். எந்தப் பிழை எந்தத் தடத்தில் விழுகிறது என்று பார்க்கப் பழகினால் மறதியையும், மறைப்பையும், ஆசிரியரின் கவனக்குறைவையும் தனித்தனியே பிரித்துவிட முடியும். நீலகிரியிலோ பழனி மலையிலோ வாழும் வாசகருக்கு இதில் ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. ஆண்டு தவறாமல் சொல்லக்கூடிய பொது நிகழ்வுகள் இந்த மலைகளில் நிறைய. மழையும் பனியும்கூட ஊருக்கு ஊர் வேறு கணக்கில் வருபவை.

விளக்கத்துக்காக ஒரு கதைசொல்லியை உருவாக்கிக்கொள்வோம். வெளிவந்த எந்த நாவலிலும் உள்ளவர் அல்ல இவர். 1944இல் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்த பாட்டி. மலையகத் தமிழர்களை இந்தியாவும் இலங்கையும் பகிர்ந்து ஏற்பதாகச் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 1970இல் கணவரோடும் கைக்குழந்தையோடும் இந்தியா வந்தவர். கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்றவர். 2024இல், 80 வயதில், பேத்தியிடம் தன் கதையைச் சொல்கிறார். பேத்தி அதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்கிறாள். மூன்றாவது அத்தியாயத்தில் பாட்டி சொல்கிறார்: "கப்பல்ல வந்து தனுஷ்கோடியில இறங்கினோம். அங்கேயே ரயில்ல ஏத்தி மண்டபம் முகாமுக்குக் கொண்டு போனாங்க."

இது நடந்திருக்க முடியாது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30. அந்த ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவில் அடித்த புயல் தனுஷ்கோடியை, அதன் துறைமேடையும் ரயில் பாதையும் உட்பட, அழித்துவிட்டது. அதற்குப் பிறகு தலைமன்னாரிலிருந்து வந்த கப்பல்கள் இராமேசுவரத்துக்குத்தான் வந்தன. ஒப்பந்தத்தின்கீழ் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவாகி, ஆட்கள் உண்மையில் வந்து சேரத் தொடங்கியபோது தனுஷ்கோடி வெறும் மணல். ஆகவே 1970இல் வந்தவர் அங்கே இறங்கவில்லை. மண்டபம் முகாம் மட்டும் சரி.

இதற்குப் பொய் என்று பெயர் வைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: இந்தத் தனுஷ்கோடி பாட்டிக்கு எங்கிருந்து வந்தது? 1914இலிருந்து 1964 வரை ஐம்பது ஆண்டுகள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே போனவர்கள், வந்தவர்கள் பெரும்பாலும் அந்தத் துறை வழியாகத்தான் போய்வந்தார்கள். பாட்டியின் அப்பாவும் தாத்தாவும் அப்படி வந்திருப்பார்கள். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு) வாசலில் அந்தப் பயணத்தை நூறு முறை சொல்லியிருப்பார்கள். பாட்டியே சிறு வயதில் ஊர்த் திருவிழாவுக்கு ஒருமுறை அந்த வழியாக வந்திருக்கவும் கூடும். கேட்ட கதை ஒன்று, பார்த்த காட்சி ஒன்று, பின்னால் நடந்த சொந்தப் பயணம் ஒன்று. மூன்றும் ஒரே நினைவாக உருகிவிட்டன.

உளவியலில் இதற்கு மூலக்குழப்பம் என்று சொல்லலாம். ஒரு தகவல் நினைவில் இருப்பது வேறு. அது கண்ணால் பார்த்ததா, காதால் கேட்டதா, கனவா, படத்தில் வந்ததா என்பது நினைவில் இருப்பது வேறு. மார்சியா ஜான்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1993இல் இதைத் தெளிவாக வகுத்துக் காட்டினார்கள். தகவலின் மூலம் தகவலோடு ஒட்டிக்கொண்டு சேமிக்கப்படுவதில்லை. நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் மனம் அதை ஊகித்துத்தான் சொல்கிறது. வயதாகும்போது தகவலைவிட மூலம்தான் அதிகமாகவும் சீக்கிரமாகவும் தேய்கிறது. எனவே நோய் எதுவும் இல்லாத, தெளிவான, கணக்கு வழக்கில் கெட்டிக்காரரான முதியவரும் அப்பாவின் பயணத்தைத் தன் பயணமாக முழு நம்பிக்கையோடு சொல்ல முடியும். நாவலாசிரியர் தனுஷ்கோடியைத் தெரிந்தே வைத்திருந்தால், பாட்டிக்குள் அப்பாவின் குரல் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கான முதல் சாட்சி அது. அப்பாவைப் பற்றிப் பாட்டி நேரடியாக ஒரு வார்த்தையும் பேசாத நாவலாக இருந்தால் அந்த ஒரு வாக்கியத்தின் எடை இன்னும் கூடும்.

நம்பிக்கையோடு சொல்வதை ஆதாரமாக எடுத்துக்கொள்வது வாசகர்கள் அடிக்கடி வழுக்கும் இடம். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையில் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக மாணவர்கள் 106 பேரிடம், அந்தச் செய்தியை எங்கே, யார் மூலமாக, எப்படிக் கேட்டார்கள் என்று உளவியலாளர் உல்ரிக் நைசர் எழுதி வாங்கினார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகள் கேட்கப்பட்டன. முழுக்கச் சரியாகச் சொன்னவர்கள் 3 பேர். எல்லாவற்றையும் தவறாகச் சொன்னவர்கள் 11 பேர். தவறாகச் சொன்னவர்களும் உறுதியோடுதான் சொன்னார்கள். தங்கள் கையெழுத்தில் இருந்த பழைய தாளைக் காட்டியபோதும் பலருக்குப் பழைய நினைவு திரும்பவில்லை. இவர்கள் இருபது வயதுக்காரர்கள், இடைவெளியும் மூன்று ஆண்டுகூட இல்லை. 80 வயதில் ஐம்பது ஆண்டுக்கு முந்தையதைச் சொல்லும் கதைசொல்லி 'எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு' என்று தொடங்கும் வாக்கியத்துக்குத் தனி நம்பகம் எதுவும் தர வேண்டியதில்லை. அந்தச் சொற்கள் எங்கெல்லாம் வருகின்றன என்று மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வெள்ளம். ஐந்தாம் அத்தியாயத்தில் பாட்டி சொல்கிறார்: "ஐப்பசி மழை. ராத்திரி பூரா கொட்டுச்சு. காலையில பார்த்தா ரோட்டைக் காணோம். லைன்ல மூணு வீடு போயிருச்சு. பெரியவன் அப்ப நாலாப்பு." வேறோர் இடத்தில் அதே மழையைச் சொல்லும்போது பெரியவன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான், போனது ரோடு அல்ல, ஓடைப் பாலம். எட்டாம் அத்தியாயத்தில் பேத்தி குறுக்கிடுகிறாள்: "அம்மாயி, போன தடவை வேற மாதிரி சொன்னீங்களே?" பாட்டிக்குக் கோபம் வந்துவிடுகிறது.

நீலகிரிக்காரர் இங்கே நின்றுவிடுவார். 1978 நவம்பரிலும் பெருமழையும் மண்சரிவும் வந்தன. 1979 நவம்பரிலும் வந்தன. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள், ஒரே மாதம், ஒரே மாதிரியான அழிவு. ஒருமுறை பையன் மூன்றாம் வகுப்பு, மறுமுறை நான்காம் வகுப்பு. பாட்டி இரண்டு மழையைப் பார்த்திருக்கிறார். நினைவில் ஒன்றுதான் இருக்கிறது. இதற்கும் நல்ல முன்னுதாரணம் உண்டு. அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகராக இருந்த ஜான் டீன் 1973இல் அளித்த சாட்சியத்தை, பின்னால் வெளியான ஒலிநாடாக்களோடு ஒப்பிட்டு 1981இல் இதே நைசர் எழுதினார். ஒவ்வொரு சந்திப்பையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் டீன் சொன்னதில் பெரும்பகுதி தவறு. எல்லாச் சந்திப்புகளுக்கும் பொதுவாக நடந்துகொண்டிருந்தது என்ன என்று பார்த்தால் அவர் சொன்னது சரி. திரும்பத் திரும்ப நடப்பவற்றை மனம் ஒற்றைக் காட்சியாக மடித்துவிடுகிறது. அந்தக் காட்சியில் எல்லா முறையும் நடந்தவற்றிலிருந்து துண்டுகள் இருக்கும். அது முழுதாக எந்த ஒருமுறையும் நடந்திருக்காது.

பாட்டியின் வெள்ளத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஆண்டு ஆடுகிறது, மாதம் ஆடவில்லை. இரண்டு முறையும் ஐப்பசிதான், இரவுதான். காலத்தை மனம் கணக்கிடும் விதத்தை ஆராய்ந்த வில்லியம் ஃப்ரீட்மன் 1980களில் காட்டியது இதுதான். மனித நினைவில் நாட்காட்டி இல்லை. ஒரு நிகழ்வு எந்தப் பொழுது, எந்தப் பருவம், எந்த ஆண்டு என்பவை தனித்தனியாக, வெவ்வேறு தடயங்களிலிருந்து கணிக்கப்படுகின்றன. எனவே ஆண்டைப் பத்து தவறவிட்டவர் பொழுதைச் சரியாகச் சொல்ல முடியும். மலையில் பருவம் இன்னும் அழுத்தமாகப் பதியும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில். கூடலூர், பந்தலூர், தேவாலாப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில், ஆனி ஆடியில். உறைபனி டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள். கோத்தகிரிப் பாட்டி தன் வாழ்க்கையின் பெருமழையை ஆடி மாதத்தில் வைத்தால் அது சாதாரணப் பிசகு அல்ல. அவர் வேறு எங்கோ இருந்த காலத்தைச் சொல்கிறார், அல்லது தேவாலாவில் வேலை பார்த்த யாருடைய கதையையோ சொல்கிறார். வெளியூர் வாசகர் இதைத் தாண்டிப் போய்விடுவார். பந்தலூரில் ஓர் ஆடி மாதம் இருந்து பார்த்தவர் தாண்ட மாட்டார்.

ஆண்டு ஆடும்போதும் அது எந்தத் திசையில் ஆடுகிறது என்பதில் ஒழுங்கு இருக்கிறது. பழைய நிகழ்வுகளை மனிதர்கள் பெரும்பாலும் நடந்த காலத்தைவிட அண்மையில் வைத்துவிடுகிறார்கள். 1979 மழையை 1993க்கு நகர்த்துவது இயல்பான பிசகு. 1993 நவம்பரில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலத்தில் பெரிய சரிவு நடந்து ஊரே பேசியதால் அந்த ஆண்டு ஓர் ஆணியாக நின்று மற்றவற்றை இழுக்கும். 2009 நவம்பர்ச் சரிவுகளும் அப்படியே இழுக்கும். மாறாக, 2009இல் நடந்ததைக் கதைசொல்லி 1979க்குக் கொண்டுபோனால் அங்கே நிறுத்தி யோசிக்க வேண்டும். தானாக நடக்கும் சறுக்கல் அந்தத் திசையில் குறைவு. 2009இல் யாரோ இறந்திருக்கலாம். அந்த இறப்பு முப்பது ஆண்டு தள்ளிப் போனால்தான் பாட்டியால் அதைச் சொல்ல முடிகிறது என்று நாவல் காட்டுகிறதா என்று பின்பக்கங்களில் தேட வேண்டும்.

பழனி மலையில் நடக்கும் கதை என்றால் குறிஞ்சி இன்னொரு விதமான பிழையைத் தரும். கொடைக்கானலில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும்: 1982, 1994, 2006, 2018. குறிஞ்சியை வைத்துக் கணக்குச் சொல்லும் முதியவர் தவறினால் பன்னிரண்டு பன்னிரண்டாகத்தான் தவறுவார். 'மகளுக்குக் கல்யாணம் நடந்தது குறிஞ்சி பூத்த வருஷம்' என்பவர் 1994க்கும் 2006க்கும் இடையே மாறலாம். 1999க்குப் போக மாட்டார். நிர்வாக எல்லைகளும் உதவும். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பர் 15இல். அதற்கு முன் கொடைக்கானல்காரர் கலெக்டரைப் பார்க்கப் போனது மதுரைக்கு. 1975இல் திண்டுக்கல் கலெக்டரிடம் மனுக் கொடுத்ததாகச் சொல்லும் கதைசொல்லி ஆண்டையோ ஊரையோ மாற்றிவைத்திருக்கிறார்.

பாட்டியின் கதையில் எந்தக் காலத்துக்கு எத்தனை பக்கம் என்று எண்ணிப் பார்ப்பது எளிமையான வேலை. கிடைக்கும் பலனோ பெரிது. நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவை அளவுக்கு மீறிக் குவிகின்றன என்பதை டேவிட் ரூபினும் மற்றவர்களும் 1986இல் காட்டினார்கள். முதல் வேலை, கல்யாணம், பிள்ளைப்பேறு, ஊர் மாறுதல் எல்லாம் அந்த வயதில் நடப்பது ஒரு காரணம். மனிதர் தன்னை யார் என்று வகுத்துக்கொள்ளும் வயது அது என்பது இன்னொரு காரணம். தமிழ் வாசகருக்கு இது புதிது அல்ல. புறநானூற்றின் 243ஆம் பாட்டில் தடியூன்றி நிற்கும் முதியவர் நினைப்பது, மருத மரக்கிளையேறி ஆழ்ந்த நீரில் பாய்ந்து அடிமணலை அள்ளிவந்த இளமையைத்தான். இருமலுக்கு நடுவே வரும் சில சொற்கள்தான் தனக்கு மிச்சம் என்கிறார். நடுவயதைப் பற்றி அந்தப் பாட்டில் ஒரு சொல் இல்லை.

நம் பாட்டிக்கு அந்தக் குவியல் 1954இலிருந்து 1974வரை வர வேண்டும். ஹட்டன் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம், கங்காணியின் குரல், கல்யாணம், குடியுரிமைக்கு மனுப்போட்ட நாட்கள், கப்பல், மண்டபம், முதன்முதலாகப் பார்த்த கோத்தகிரிக் குளிர். 1980இலிருந்து 2010வரை ஏறக்குறைய வெறுமையாக இருந்தால் அது இயல்பு. அங்கே ரகசியம் தேட வேண்டியதில்லை. தலைகீழாக இருந்தால் தேட வேண்டும். எல்லாம் செறிவாக வர வேண்டிய 1968–70 மட்டும் இரண்டே பத்தியில் கடந்துபோனால், அங்கே மறதி வேலை செய்யவில்லை. ஒப்பந்தக் காலத்தில் ஒரே குடும்பத்தில் சிலருக்கு இந்தியக் குடியுரிமையும் சிலருக்கு இலங்கைக் குடியுரிமையும் கிடைத்து, அக்கா அங்கே தங்கை இங்கே என்று வீடுகள் பிரிந்தன. பாட்டிக்குத் தங்கை இருந்ததைக் கல்யாணக் காட்சியில் ஒரே ஒரு வரி காட்டிவிட்டு, பிறகு நாவல் முழுக்க அந்தப் பெயர் வராமல் இருந்தால், நாவலின் மையம் அதுதான்.

மறதியையும் மறைப்பையும் பிரிக்க இதைவிட நல்ல சோதனை இல்லை என்பது என் கருத்து. மறதியின் ஓட்டைகள் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் இடம் மாறும்: இன்று பெயர் வராது, நாளை பெயர் வந்து ஊர் வராது. மறைப்பு ஒரே இடத்தில் இருக்கும். சுற்றியுள்ள விவரமெல்லாம் துல்லியமாக இருக்க, அந்த ஒரு புள்ளியில் மட்டும் பேச்சு திரும்பும். அப்போது பாட்டி அடுப்பைப் பார்க்கப் போவார், மழையைப் பற்றிப் பேசுவார், பேத்தியின் படிப்பைக் கேட்பார். எழுத்தாளர்கள் இந்தத் திருப்பத்துக்கு ஒரே மாதிரியான சொற்களைத் திரும்பப் பயன்படுத்துவது வழக்கம். அவற்றைப் பென்சிலால் வட்டமிட்டால் மூன்றாவது முறையில் பிடிபட்டுவிடும்.

நம்பத்தகாத கதைசொல்லி என்ற கருத்தை இலக்கியத் திறனாய்வாளர் வேய்ன் பூத் 1961இல் முன்வைத்தார். அதை ஜேம்ஸ் ஃபீலன் பிற்பாடு மூன்று தளங்களாகப் பிரித்தார்: நடந்ததைச் சொல்வது, நடந்ததைப் புரிந்துகொள்வது, நடந்ததை எடைபோடுவது. ஒவ்வொன்றிலும் தவறாகச் சொல்லலாம், அல்லது குறைத்துச் சொல்லலாம். முதுமை நாவலுக்கு இந்தப் பிரிவு மிகவும் பயன்படும். தனுஷ்கோடி முதல் தளத்தில் தவறு. தங்கையைச் சொல்லாதது முதல் தளத்தில் குறைத்தல். மகன் மாதக்கணக்கில் பேசாமல் இருப்பதை 'அவன் அப்பா மாதிரியே அமைதி' என்று பாட்டி சொன்னால் இரண்டாம் தளத்தில் தவறு. கங்காணி வேலைக்கணக்கில் பெயர் வெட்டியதை, அரைநாள் சம்பளம் பிடித்ததை 'கண்டிப்பான ஆளு, ஆனா நல்லவரு' என்று சொன்னால் மூன்றாம் தளம். முதல் தளத்தில் அடிக்கடி பிசகும் கதைசொல்லி மூன்றாம் தளத்தில் முழுக்க நம்பத்தக்கவராக இருக்க முடியும். ஆண்டுகளைத் தவறவிட்டுக்கொண்டே, யார் தனக்குச் சோறு போட்டார்கள், யார் போடவில்லை என்பதில் கடைசிவரை தவறாத பாட்டிகள் உண்டு. வாசகர் ஆண்டுப் பிழையைக் காட்டி அந்தத் தீர்ப்பையும் தள்ளிவிடுவது பெரிய இழப்பு.

மறதிநோய் வந்த கதைசொல்லி என்றால் கணக்கு வேறு. அங்கேதான் நாவல்கள் அதிகம் சறுக்குகின்றன. 1881இலேயே பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ சொன்னது இன்றைக்கும் பெருமளவு நிற்கிறது: புதியது முதலில் போகும், பழையது கடைசியில் போகும். அல்சைமர் நோய் புதிய நினைவுகளை உருவாக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியை ஆரம்பத்திலேயே தாக்குவதால், காலையில் தேத்தண்ணி குடித்தது போய்விடும், ஹட்டன் லயத்தின் கதவு எண் நிற்கும். இதைத் தலைகீழாக எழுதிய நாவலைப் படிக்கும்போது, அதாவது கதைசொல்லி நேற்றைய உரையாடலை வரிவரியாகச் சொல்லிவிட்டுக் கல்யாணத்தை மறந்திருக்கும்போது, ஒன்று அவர் நடிக்கிறார் அல்லது ஆசிரியருக்கு விஷயம் தெரியவில்லை. இன்னொரு சறுக்கல், நோய் முற்றிய கதைசொல்லிக்கு நீண்ட, கோவையான, உவமை நிறைந்த வாக்கியங்களைத் தருவது. நோய் வளர வளரப் பெயர்ச்சொற்கள் உதிரும், 'அது', 'அந்த இது', 'அவன்' கூடும், வாக்கியம் குறுகும், சொன்னதே திரும்பும். மூன்றாவது சறுக்கல், கடைசி அத்தியாயத்தில் திடீரென்று எல்லாம் தெளிந்து முழு உண்மையையும் பாட்டி வாக்குமூலமாகச் சொல்லிவிடுவது. சிற்சில தெளிந்த பொழுதுகள் வருவதுண்டு. முப்பது பக்கத்துக்கு வரிசையாக நீளும் தெளிவு, கதையை முடிக்க ஆசிரியருக்குத் தேவைப்பட்ட வசதி மட்டுமே.

நினைவு வெற்றிடத்தை நிரப்ப இல்லாததை உருவாக்கிச் சொல்வதும் நடக்கும். குடிப்பழக்கத்தால் தயமின் சத்துக் குறைந்து வரும் கோர்சகோஃப் நோயில் இது மிக வெளிப்படையாகத் தெரியும். ஏமாற்றும் எண்ணம் அதில் இல்லை. சொல்பவருக்கு அது உண்மை. அப்படி உருவாகும் கதைகள் பெரும்பாலும் பழைய வழக்கத்திலிருந்து எடுக்கப்படும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாட்டி 'இப்பதான் மலைக்குப் போய்க் கொழுந்து நிறுத்துட்டு வந்தேன்' என்பார். பறந்து போய் டெல்லி பார்த்துவந்ததாகச் சொல்ல மாட்டார்.

கை நினைவு இன்னும் தாமதமாகப் போகும். 1953இல் அறுவைச் சிகிச்சையில் ஹிப்போகாம்பஸை இழந்த நோயாளி ஒருவருக்குப் பிரெண்டா மில்னர் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சி கொடுத்தார். நாளுக்கு நாள் கை தேறியது. முன்பு வரைந்ததே அவருக்கு நினைவில்லை. செயல் நினைவுக்கு மூளையில் வேறு பாதை. ஆகவே பேத்தியின் பெயரை மறந்த பாட்டி, தேயிலைச் செடி முன் நின்றால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக இரண்டு கையாலும் கிள்ளிக்கொண்டே போவார். ஆசிரியர் இந்தக் காட்சியை வைத்தால் அது நெகிழ்ச்சிக்காக மட்டும் வைத்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கை செய்வதிலிருந்து வாய் சொல்லாததைப் படிக்க முடியும். இலங்கையில் கிள்ளிய முறையும் இங்கே பழகிய முறையும் வேறாக இருந்து, கை பழைய முறைக்குப் போனால், பாட்டி எந்த ஆண்டில் இருக்கிறார் என்று கை சொல்லிவிடும்.

நாவலுக்குள் வரும் காகிதங்கள் உண்மையாகவும் பாட்டியின் பேச்சு பொய்யாகவும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வயதை 5இலும் 0இலும் முடித்துச் சொல்வது இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் நெடுங்காலமாக அறியப்பட்ட வழக்கம். குடும்ப அட்டையில் '45' என்று இருந்தால் அதை 43–47 என்று படிப்பது நல்லது. பள்ளியில் சேர்க்க எழுதிக்கொடுத்த பிறந்த தேதியும் அப்படித்தான். காகிதத்தைக் கொண்டுவந்து பாட்டியின் வாயை அடைக்கும் நாவல் சற்று அவசரப்பட்ட நாவல். காகிதத்தில் உள்ள பெயரும் பாட்டி சொல்லும் பெயரும் வேறாக இருக்கும் இடத்தில் எழுதிய குமாஸ்தாவின் காதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேள்வி கேட்பவரும் கணக்கில் வர வேண்டும். எலிசபெத் லாஃப்டஸ் 1974இல் ஒரே கார் விபத்துப் படத்தை மாணவர்களுக்குக் காட்டிவிட்டு, ஒரு குழுவிடம் கார்கள் 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்றும் இன்னொரு குழுவிடம் 'இடித்தபோது' என்ன வேகம் என்றும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, படத்தில் உடைந்த கண்ணாடி இருந்ததா என்று கேட்டபோது முதல் குழுவின் 50 பேரில் 16 பேரும் இரண்டாம் குழுவின் 50 பேரில் 7 பேரும் இருந்தது என்றார்கள். கண்ணாடி எதுவும் உடையவே இல்லை. பேத்தி 'தனுஷ்கோடியிலயா இறங்கினீங்க?' என்று முதல் அத்தியாயத்தில் கேட்டிருந்தால், மூன்றாம் அத்தியாயத்துத் தனுஷ்கோடி பேத்தி போட்டது. பாட்டி பேசுவதற்கு முன் பேத்தி பேசிய ஒவ்வொரு வரியையும் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

வேலை முறை எளியது. முதல் வாசிப்பில் நாவலை நாவலாகவே படித்துவிட வேண்டும். ஓரத்தில் பென்சிலால் மூன்று குறிகள் போதும்: காலம் வரும் இடத்தில் கோடு, 'நல்லா ஞாபகம்' வரும் இடத்தில் வட்டம், பேச்சு திரும்பும் இடத்தில் அம்பு. இரண்டாம் வாசிப்பில் ஒரு நோட்டை எடுத்து, பக்க எண், சொல்லப்பட்டது, சொல்லப்பட்ட ஆண்டு, அப்போது கதைசொல்லியின் வயது, இதற்கு முன் யார் சொன்னது, வெளியே சரிபார்க்க முடிவது என்று ஆறு பத்தி போட வேண்டும். வயதுப் பத்தியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். குவியலும் வெறுமையும் தெரிவது அந்தப் பத்தியில்தான். முந்நூறு பக்க நாவலுக்கு நாற்பது வரிக்கு மேல் போனால் தேவையில்லாததையெல்லாம் எழுதுகிறோம் என்று பொருள். கடைசிப் பத்திக்கு மலை வாசகர் கையில் சில ஆண்டுகள் எப்போதும் இருக்கலாம்: சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14, சிலோன் ஸ்ரீலங்கா ஆனது 1972 மே 22, ஊட்டி இந்துநகர் ஃபிலிம் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியது 1967, வனத்துறையின் கீழ் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் டேன்டீ என்ற கழகமாக இயங்கத் தொடங்கியது 1976. 1970இல் 'டேன்டீயில வேலைக்குச் சேர்ந்தேன்' என்பது பிழை அல்ல; பின்னால் வந்த பெயரை முன்னால் ஒட்டுவது எல்லோரும் செய்வது. இப்படிப்பட்டவற்றை நோட்டிலிருந்து அடித்துவிடலாம்.

கடைசியாக மிஞ்சுவது ஆசிரியரின் பிழையா என்ற கேள்வி. பிசகைக் கண்டதும் இதற்குத் தாவக் கூடாது. இலக்கிய ஆய்வாளர் டமார் யாகோபி 1981இல் எழுதியதுபோல, பிரதியில் உள்ள முரணை விளக்க வாசகருக்குப் பல வழிகள் உண்டு. ஆசிரியரின் தவறு அவற்றில் ஒன்று மட்டுமே. மற்ற வழிகள் அடைபட்ட பிறகே அதைக் கையில் எடுக்க வேண்டும். அணா ஒரு நல்ல சோதனை. நம் பாட்டி ஹட்டனில் சிறுமியாக இருந்தபோது 'அரையணாவுக்கு முறுக்கு' வாங்கியதாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் 1957 ஏப்ரல் 1வரை ரூபாய்க்கு 16 அணா. இலங்கையில் 1872இலிருந்தே ரூபாய்க்கு 100 சதம். ஹட்டன் கடையில் அணா கிடையாது. 1970க்குப் பிறகு கோத்தகிரிச் சந்தையில் 25 காசை 'நாலணா' என்று எல்லோரும் சொல்லக் கேட்டுப் பழகி, அந்தச் சொல் பழைய கடைக்குள் போயிருக்கலாம். அப்படியானால் பாட்டியின் பிழை, இயல்பான பிழை. ஆனால் அரையணா என்ற காசை அவர் இங்கே வந்தபின் பார்த்திருக்க முடியாது. அதே அரையணா, பாட்டி பேசாத இடத்திலும், அதாவது தங்கை இலங்கையிலிருந்து எழுதிய கடிதத்திலோ, படர்க்கையில் எழுதப்பட்ட அத்தியாயத்திலோ வந்தால் அது கதைசொல்லியின் கணக்கில் சேராது. நாவலுக்கு மறுபதிப்பு வந்திருந்தால் அந்தப் பக்கத்தை இரண்டு பதிப்பிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். அணா சதமாகத் திருத்தப்பட்டிருந்தால் அது ஆசிரியருடையது, நோட்டிலிருந்து அடித்துவிடலாம். தனுஷ்கோடி மட்டும் திருத்தப்படாமல் நின்றிருந்தால், அந்த வரிக்கு எதிரே பாட்டியின் அப்பாவைப் பற்றி நாவல் சொல்லும் எல்லாப் பக்க எண்களையும் எழுதிக்கொண்டு மூன்றாம் வாசிப்பை அங்கிருந்து தொடங்கலாம்.